கேஷுவாலிட்டிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அவசர சிகிச்சையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேஷுவாலிட்டியில் புதிதாகப் போடப்படும் நர்சுகளும் ஹவுஸ் சர்ஜன்களும் இரண்டாவது வாரத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சிஸ்டர், எந்த கோர்ஸுக்குப் போனா நல்லது?" முதல் வாரத்தில் கேட்கமாட்டார்கள். எந்த டிராயரில் என்ன இருக்கிறது என்று தேடுவதிலேயே அந்த வாரம் போய்விடும். இரண்டாவது வாரத்தில் ஏதாவது ஒரு ராத்திரி கை உதறியிருக்கும், அப்புறம்தான் இந்தக் கேள்வி வரும்.

எனக்கும் அப்படி ஒரு ராத்திரி உண்டு. பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருந்தேன். நெஞ்சுவலி என்று ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தே வந்த ஐயா ஒருவர், ஈ.சி.ஜி. லீடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிட்டார். நான்தான் முதலில் நெஞ்சை அழுத்தத் தொடங்கினேன். பயத்தில் நான் அழுத்திய வேகத்தைப் பார்த்து டூட்டி டாக்டர், "மெதுவா சிஸ்டர், நெஞ்சு திரும்ப மேல வரட்டும்" என்று மூன்று தடவை சொன்னார். கட்டில் உயரம், நான் குள்ளம். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நிற்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. முழங்கை மடங்கி, வெறும் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை. நான் ஒழுங்காக அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதத்தில் கை எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

எந்த கோர்ஸ் என்பதைவிட, அடுத்த கோர்ஸ் வரை நடுவில் என்ன செய்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். சரி, வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஏ.ஆர். நோட்டைப் புரட்டுங்கள்

பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் கேஷுவாலிட்டியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். நோட்டையும் அட்மிஷன் ரெஜிஸ்டரையும் எடுத்துக் கடைசி 30 நாளைப் பாருங்கள். பெயர், விலாசம் எதையும் குறித்துக்கொள்ள வேண்டாம். என்ன பிரச்சினையோடு வந்தார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். தாலுகா மருத்துவமனை என்றால் பைக் விபத்து, நெஞ்சுவலி, வலிப்பு, மூச்சிரைப்பு, சர்க்கரை இறங்கி மயங்கியவர்கள், மருந்து குடித்தவர்கள், பாம்புக்கடி, தேள்கடி என்று வரும். நகரத்துத் தனியார் மருத்துவமனை என்றால் பக்கவாதமும் மாரடைப்பும் மேலே இருக்கும், பாம்பு கீழே போய்விடும்.

இந்தத் தாள்தான் உங்கள் பாடத்திட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், "டாக்டர் வருவதற்குள் முதல் பத்து நிமிஷத்தில் நான் என்ன செய்வேன்?" என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்ததை விட்டுவிடுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். எனக்கு வலிப்பில் பேனா நின்றது. இத்தனை வருஷம் வலிப்பு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குழந்தைக்கு வலிப்பை நிறுத்தும் மிடசோலம் எவ்வளவு, எந்த வழியில் என்பதை ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது கேட்டுத்தான் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து பி.எல்.எஸ்.

நீங்கள் டாக்டரோ நர்ஸோ லேப் டெக்னீஷியனோ, தொடக்கம் இதுதான். இங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். இன்னொன்று இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று உருவாக்கிய இந்திய உயிர்ப்பித்தல் கவுன்சில் நடத்தும் வகுப்புகள். கவுன்சிலின் வகுப்பு மூன்று தட்டில் இருக்கும்: பொதுமக்களுக்கு சி.ஓ.எல்.எஸ்., மருத்துவத் துறையினருக்கு பி.சி.எல்.எஸ்., மருத்துவமனைக்குள் வேலை செய்யும் டாக்டர்களுக்கு சி.சி.எல்.எஸ். வளைகுடாவுக்கோ வேறு வெளிநாட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் அமெரிக்கச் சங்கத்தின் கார்டைத்தான் கேட்பார்கள். இங்கேயே வேலை பார்க்கப்போகிறவர்கள் எதில் இடம் கிடைக்கிறதோ அதில் சேரலாம். கை பழகுவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பணம் கட்டும் முன் உங்கள் மருத்துவமனையின் தர நிர்வாகப் பிரிவிலோ நர்சிங் ஆபீஸிலோ ஒரு வார்த்தை கேளுங்கள். என்.ஏ.பி.எச். தர அங்கீகாரம் உள்ள மருத்துவமனைகள், ஊழியர்களுக்கு சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிர்ப்பிக்கும்) பயிற்சி கொடுத்ததற்கான பதிவைக் காட்டியாக வேண்டும். அதனால் பல இடங்களில் செலவை நிர்வாகமே ஏற்றுக்கொள்ளும். கேட்காதவர்கள்தான் கைக்காசைக் கட்டுகிறார்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது போனில் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்சிப் பொம்மைக்கு எத்தனை பேர்? மூன்று பேருக்கு மேல் என்றால் அங்கே போகாதீர்கள், பாதி நேரம் வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் பொம்மையா? லைட் எரியும், அல்லது கிளிக் சத்தம் வரும், அல்லது போன் திரையில் கோடு ஓடும், எதுவானாலும் சரி. "நல்லாப் பண்றீங்க" என்று பயிற்சியாளர் சொல்வதைவிட அந்த லைட் நேர்மையானது.

ஒரு எச்சரிக்கை. வீட்டிலிருந்தபடியே இரண்டு மணி நேரத்தில் கார்டு என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் சுற்றும். ஆன்லைனில் பாடம் படிக்கும் முறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நேரில் வந்து பொம்மையில் செய்து காட்டினால்தான் கார்டு. பொம்மையைத் தொடாமல் கிடைத்த கார்டுக்கு மதிப்பு இல்லை. அமெரிக்கச் சங்கத்தின் மின்கார்டில் இருக்கும் எண்ணைப் போட்டு அது உண்மைதானா என்று வேலை கொடுப்பவர் நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

வகுப்பில் என்ன கற்றுத்தருவார்கள் என்பதை இங்கே முழுதாக எழுதப்போவதில்லை. நினைவில் நிற்க வேண்டியது இவ்வளவுதான்: நிமிஷத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுவது, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, எதற்காக நிறுத்தினாலும் 10 வினாடிக்குள் திரும்பத் தொடங்குவது, 2 நிமிஷத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது. இதில் புதியவர்கள் கோட்டைவிடுவது நெஞ்சை மேலே வர விடுவதில். களைப்பில் உடம்பைச் சாய்த்துக்கொண்டே அழுத்துவோம். அப்படிச் சாய்ந்தால் இதயத்துக்குள் ரத்தம் நிரம்ப இடம் இருக்காது. நிரம்பாத இதயத்தை எவ்வளவு அழுத்தினாலும் வெளியே போக ஒன்றும் இல்லை.

முன்பே பி.எல்.எஸ். முடித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அமெரிக்கச் சங்கம் 2025 அக்டோபரில் புதிய வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. கைக்குழந்தைக்கு இரண்டு விரலால் அழுத்தச் சொன்ன பழைய முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டு கட்டைவிரலால், மார்பைக் கையால் சுற்றிப் பிடித்து அழுத்த வேண்டும், அல்லது ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்த வேண்டும். பெரியவருக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் முதலில் முதுகில் 5 அடி, பிறகு வயிற்றில் 5 அழுத்தம், மாறி மாறி. முன்பு பெரியவர்களுக்கு வயிற்றழுத்தம் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் போகும் மையம் இன்னும் இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தால் அங்கே வீடியோவை மாற்றவில்லை என்று அர்த்தம்.

கார்டு இரண்டு வருஷம் செல்லும்.

அதற்கு மேல் எது?

ஏ.சி.எல்.எஸ். என்ற மேல்நிலை இதய உயிர்காப்பு வகுப்புக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். இரண்டு நாள் வகுப்பு, பணமும் அதிகம். ஈ.சி.ஜி. படிக்கத் தெரியாமல் போனால் முதல் நாள் மதியத்துக்குள் தலை சுற்றும். வகுப்புக்கு முன்பே ஆன்லைனில் ஒரு சுயமதிப்பீட்டுத் தேர்வு இருக்கும், அதில் 70 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். அதை முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து நண்பரிடம் விடை கேட்டு முடிப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்வதற்குப் பதில், ஒரு மாதம் டூட்டியில் எடுக்கும் ஒவ்வொரு ஈ.சி.ஜி.யையும் டாக்டரிடம் நீட்டும் முன் நீங்களே ஒரு முடிவை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். தப்பாகிப்போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதயம் நின்றவரின் மானிட்டரில் பார்க்க வேண்டிய தாளங்கள் நான்கே நான்கு. வி.எஃப். (இதயம் ஒழுங்கில்லாமல் துடிதுடிப்பது), நாடி இல்லாத வி.டி. (இதயத்தின் கீழறை மிக வேகமாக ஓடுவது). இந்த இரண்டுக்கும் மின் ஷாக். அசிஸ்டோலி (நேர்கோடு), பி.இ.ஏ. (கோடு ஓடும், நாடி இருக்காது). இந்த இரண்டுக்கும் ஷாக் கிடையாது. அழுத்தமும் அட்ரினலினும், காரணத்தைத் தேடுவதும்தான். நேர்கோடாக ஓடும் மானிட்டரைப் பார்த்து ஷாக் கொடுத்து எழுப்புவது சினிமாவில் நடக்கும். நேர்கோட்டைப் பார்த்தால் முதலில் லீடு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

குழந்தைகள் அதிகம் வரும் இடமென்றால் குழந்தைகளுக்கான உயிர்காப்பு வகுப்பான பி.ஏ.எல்.எஸ். பிரசவம் நடக்கும் இடமென்றால் அதற்கும் முன்னால் பச்சிளங்குழந்தை உயிர்ப்பித்தல் பயிற்சி. பிறந்து அழாத குழந்தைக்கு முதல் 1 நிமிஷத்துக்குள் அம்பு பேக்கில் (கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பை) மூச்சுக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மத்திய அரசின் நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தில் 2009 முதல் இந்தப் பயிற்சியை அரசு ஊழியர்களுக்குக் கொடுத்துவருகிறார்கள். உங்கள் பெயர் பட்டியலில் வர இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவையுங்கள்.

விபத்துக் காயத்துக்கு ஏ.டி.எல்.எஸ். அது பிறந்த கதை எனக்குப் பிடித்தது. ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் 1976 பிப்ரவரியில் குடும்பத்தோடு தானே சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு போனபோது அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு வயலில் விழுந்துவிட்டார். மனைவி அங்கேயே இறந்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பலத்த காயம். அவர்களைக் கொண்டுபோன சிறிய மருத்துவமனையில் நடந்த சிகிச்சையைப் பார்த்து அவர் கொதித்துப்போனார். தானே வயலில் கிடைத்ததை வைத்துச் செய்தது இதைவிட மேல் என்றால் இந்த முறையில்தான் கோளாறு இருக்கிறது என்று சொல்லி, நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாடத்தை உருவாக்கினார். 1978இல் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம் என்று நாம் இன்று வாய்ப்பாடாகச் சொல்லும் வரிசை உலகம் முழுக்கப் பரவியதில் அந்தப் பாடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஏ.டி.எல்.எஸ். டாக்டர்களுக்கானது, 4 வருஷம் செல்லும். அதே நாட்களில் பக்கத்து அறையில் நர்சுகளுக்கு ஏ.டி.சி.என். நடத்தும் மையங்கள் உண்டு.

அந்தக் கார்டுகளில் இல்லாத பாடம்

இந்தச் சர்வதேச வகுப்புகள் எல்லாம் நல்ல வகுப்புகள்தான். ஆனால் உங்கள் தாளில் கோடு போட்டு எண்ணிவைத்திருக்கிறீர்களே, மருந்து குடித்தவரும் பாம்பு கடித்தவரும், அவர்களுக்கு இந்த வகுப்புகளில் இடம் மிகக் குறைவு. ஏ.சி.எல்.எஸ். கார்டோடு வந்த ஒரு தம்பி, பூச்சிமருந்து குடித்து நுரை தள்ளி வந்தவரைப் பார்த்ததும் முதலில் ரைல்ஸ் டியூபை (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) தேடினான். வயிற்றைக் கழுவும் அவசரத்தில் மூச்சுப்பாதையை மறந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் படித்த பாடத்தில் இந்த நோயாளி வரவே இல்லை.

பூச்சிமருந்தில் ஆர்கனோபாஸ்பரஸ் வகையை எடுத்துக்கொள்வோம். முதலில் கையுறை. நோயாளியின் துணியைக் கழற்றி உடம்பைக் கழுவ வேண்டும், ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். பிறகு அந்த விஷத்துக்கான மாற்று மருந்து, அட்ரோபின். பெரியவருக்கு 1.8 முதல் 3 மி.கி. வரை தொடங்கி, 5 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்து, போதவில்லை என்றால் முந்தைய அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. நெஞ்சில் ஈரச் சத்தம் அடங்கி, நாடி 80க்கு மேல் வந்து, பிரஷர் ஏறி, அக்குள் காயும்வரை. இப்போது கணக்குப் போடுங்கள். நம்மிடம் இருக்கும் ஆம்புல் ஒன்றில் 0.6 மி.கி.தான். முதல் டோஸுக்கு 3 ஆம்புல். அடுத்து 6, 12, 24. கால் மணி நேரத்தில் 45 ஆம்புல் உடைத்திருப்பீர்கள். இதை ஒரு ஆள் செய்ய முடியாது. விரலும் கிழியும். இரண்டு பேர் உடைக்க, ஒருவர் இழுக்க, ஒருவர் மணியும் அளவும் எழுத வேண்டும். உங்கள் எமர்ஜென்சி டிராயரில் இப்போது எத்தனை ஆம்புல் இருக்கிறது? அதை எண்ணிப் பார்ப்பதும் படிப்புதான்.

பாம்புக்கடி இன்னொன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் இருக்கும் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) செய்யப்படுகிறது. கட்டுவிரியன் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. தரையில் படுத்துத் தூங்கியவரை ராத்திரியில் கடிக்கும். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கேஸ் டிரபுள் என்று ஊசி போட்டு உட்காரவைத்தால், ஒரு மணி நேரத்தில் இமை தொங்கும். "ராத்திரி எங்க படுத்தீங்க, கட்டில்லயா தரையிலயா?" என்ற கேள்வியை எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர் விடியற்காலை வயிற்றுவலிக்காரர்கள் எல்லோரிடமும் கேட்பார். முதலில் சிரிப்பாக இருந்தது. ஒருநாள் ஒரு அம்மா, "தரையிலதான்மா, ஏன் கேக்குற?" என்று சொன்னார். அவருடைய இமை அப்போதே பாதி இறங்கியிருந்தது. அதிலிருந்து நானும் கேட்கிறேன்.

விரியன் கடி என்றால் 20 நிமிஷ ரத்த உறைதல் சோதனை. 2 மி.லி. ரத்தத்தை ஒரு காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. படிக்க ரொம்பச் சுலபம். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் முடிவு தப்பும். கண்ணாடிக் குழாயை சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தாலும் தப்பும், உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் நிற்கும். இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆவலில் ஆட்டிப் பார்த்தாலும் அதே கதைதான். உங்கள் இடத்தில் கண்ணாடிக் குழாய் எங்கே இருக்கிறது, யார் எதைப் போட்டுக் கழுவுகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஏ.எஸ்.வி. தொடங்கும் முன்பே அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். ஒவ்வாமை வந்த பிறகு ஆம்புல் தேடக் கூடாது. பொடியாக வரும் குப்பியைக் கரைக்கும்போது குலுக்காதீர்கள், நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஏ.எஸ்.வி. ஒரே அளவுதான். கடிக்கும் பாம்பு ஆளைப் பார்த்தா விஷத்தை அளந்து விடுகிறது?

எலி பேஸ்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்டைத் தின்றவர் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போகிறேன் என்பார். கல்லீரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். "நல்லா இருக்காரே" என்று அனுப்பிவிடாமல் இருப்பதுதான் இங்கே பாடம். மஞ்சள் அரளி விதை தின்றவர் அதற்கு எதிர்மாறு. நாடி குறைந்துகொண்டே வரும், மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஏ.சி.எல்.எஸ்.ஸில் படித்த நாடி குறைவுக்கான பாடம் இங்கே கைகொடுக்கும்.

இவற்றை எங்கே படிப்பது? மத்திய சுகாதார அமைச்சகம் இந்திய நிலைமைக்கென்றே என்.இ.எல்.எஸ். என்ற தேசிய அவசர உயிர்காப்புப் பயிற்சியை வைத்திருக்கிறது. டாக்டர், நர்ஸ், பாராமெடிக் எல்லோருக்கும் உண்டு. அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் திறன் பயிற்சி மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அரசு மருத்துவமனையில் வேலை என்றால், தமிழ்நாட்டின் டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வழியாக வரும் பயிற்சிகளை விடாதீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைத் தரம் பிரிப்பதெல்லாம் அங்கே கற்பதுதான். பணமே செலவழிக்காமல் தொடங்க வேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பாடநூலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சி.டி. ஸ்கேன் இல்லாத, ஸ்பெஷலிஸ்ட் இல்லாத இடத்தை மனதில் வைத்து எழுதியது. காயம், மூச்சுத்திணறல், ஷாக் (ரத்த ஓட்டம் போதாமல் போகும் நிலை), நினைவு தப்பியவர் என்று நான்கு வாசல் வழியாகத்தான் எல்லா நோயாளிகளையும் அது பார்க்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் எளிமையான ஆங்கிலம்.

மேலே சொன்ன மருந்தளவுகள் படிப்புக்காக. டூட்டியில் உங்கள் மருத்துவமனையின் புரோட்டகாலும் டூட்டி டாக்டரின் உத்தரவும்தான் கணக்கு.

வாரத்துக்குக் கால் மணி நேரம்

சி.பி.ஆர். திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். கார்டுக்கு ஆயுள் இரண்டு வருஷம், கைக்கு அவ்வளவு கிடையாது. நடுவில் இருக்கும் காலத்தை நாமேதான் நிரப்ப வேண்டும்.

எங்கள் இடத்தில் செய்வதைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், மதிய டூட்டி மாறும் நேரத்தில், இரண்டு ஷிப்ட் ஆட்களும் இருக்கும்போது 15 நிமிஷம். முதல் 5 நிமிஷம் கிராஷ் கார்ட் (அவசர மருந்தும் கருவியும் இருக்கும் தள்ளுவண்டி). பட்டியலைப் பார்த்து டிக் போடுவதோடு விடாமல், தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை மடக்கித் திறந்து லைட் எரிகிறதா என்று பார்ப்போம். சளி உறிஞ்சும் சக்ஷனை ஓடவிட்டு விரலை வைத்து இழுவையைப் பார்ப்போம். அம்பு பேக்கை உள்ளங்கையில் அழுத்தி வால்வு திறக்கிறதா என்று பார்ப்போம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் செக்லிஸ்டில் மூன்று மாதம் தினமும் டிக் இருந்தது, லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரியே இல்லை. அந்த டிக்குகளில் சில என்னுடையவை.

மீதி 10 நிமிஷம் ஒரு நாடகம். முன்கூட்டிச் சொல்லாமல் யாராவது ஒருவர் "மூணாம் கட்டில்ல பேஷண்ட் பேச்சு மூச்சில்லை" என்பார். அவரவர் என்ன செய்வார்களோ செய்ய வேண்டும். பொம்மை இல்லை என்றால் தலையணை போதும். தலையணையில் ஆழம் பழகாது, ஆனால் வேகம் பழகும். போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டு 30 அழுத்தம் எண்ணுங்கள், 15 முதல் 18 வினாடிக்குள் முடிய வேண்டும். 12 வினாடியில் முடித்தால் அன்றைக்கு நான் செய்த தப்பைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

இந்த நாடகத்தில் கையைவிட வாய்க்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. வழக்கமாக என்ன நடக்கும்? டாக்டர் பொதுவாகக் காற்றைப் பார்த்து "அட்ரினலின் போடுங்க" என்பார். மூன்று பேர் டிராயரை நோக்கி ஓடுவார்கள், அல்லது மற்றவர் போட்டிருப்பார் என்று மூன்று பேரும் நிற்பார்கள். அதை இப்படி மாற்றுகிறோம்:

"கவிதா சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி. கொடுங்க."

"அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி., சரி சார்." போட்ட பிறகு, "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போயாச்சு, மணி ரெண்டு பதினாலு."

பெயர் சொல்லிக் கூப்பிடுவது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, முடிந்ததும் மணியோடு சொல்வது. முதலில் கூச்சமாக இருக்கும், பள்ளிக்கூடத்து ஒப்புவித்தல் மாதிரி தோன்றும். மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும். பெரிய டாக்டரிடம் திருப்பிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் ஜூனியர்கள் உண்டு. அவர்களுக்கு முதல் நாடகத்தில் டாக்டர் வேஷத்தைக் கொடுத்துவிடுவது நல்ல மருந்து. யாரும் பதில் சொல்லாமல் நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

முடிந்ததும் இரண்டு நிமிஷம் பேச்சு. எது சரியாக வந்தது, அடுத்த தடவை எதை மாற்றலாம். யார் தப்பு என்ற பேச்சு வந்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் பாத்ரூமில் இருப்பார்கள்.

கிரெடிட் மணிநேரமும் ஒரு ஃபைலும்

டாக்டர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. வகுப்பில் சேரும் முன், அதற்கு மாநில மருத்துவக் கவுன்சிலின் கிரெடிட் உண்டா, எத்தனை மணி என்று எழுத்தில் கேளுங்கள். "கிரெடிட் அப்ளை பண்ணியிருக்கோம்" என்ற பதிலுக்கு, இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். நர்சுகளும் வகுப்பில் சேரும்போது நர்சிங் கவுன்சிலின் தொடர் கல்விக் கணக்கில் அது சேருமா என்று கேட்டுவிடுங்கள், பதிவைப் புதுப்பிக்கும் நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.

ஒரு ஃபைல் போடுங்கள். சான்றிதழ், கிரெடிட் கடிதம், பணம் கட்டிய ரசீது, கார்டு முடியும் தேதி. முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பு போனில் நினைவூட்டல் வையுங்கள். கார்டு காலாவதியான பிறகு வேலைக்கான நேர்காணல் வருவது எப்படித்தான் நடக்கிறதோ, எல்லோருக்கும் நடக்கிறது.

லீவு விஷயத்தில் ஒன்று மட்டும். நைட் டூட்டி முடித்துவிட்டு நேரே வகுப்புக்குப் போகாதீர்கள். நான் போனேன். ஏ.சி.எல்.எஸ். இரண்டாம் நாள் காலையில் டீம் லீடராக நின்று, "அடுத்தது என்ன?" என்று பயிற்சியாளர் கேட்டபோது, கொட்டாவிதான் வந்தது. ரோஸ்டர் போடும் முன்பே இன்சார்ஜ் சிஸ்டரிடம் தேதியைச் சொல்லி, முந்தைய ராத்திரி ஆஃப் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வகுப்பு முடிந்து வந்த முதல் டூட்டியில், கற்றதில் ஒன்றே ஒன்றை வார்டில் மாற்றிவிடுங்கள். பெரிதாக வேண்டாம். மறுபடியும் பி.எல்.எஸ். முடித்துவிட்டு வந்த அன்று நான் ஸ்டோரில் கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கி, சிவப்புப் பகுதியில் முதல் கட்டிலுக்கு அடியில் போட்டேன். ஓ.பி.யிலிருந்து இரண்டு தடவை யாரோ உட்கார எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, "சி.பி.ஆர். ஸ்டூல், தொடாதே" என்று எழுதிவைத்திருக்கிறோம்.